சொல்லிசையில் சொல்லின் இடம்



புதிய சொல்லிசைத் தனிப்பாடல் ஒன்று வெளிவந்த மறுநாளே மதிப்புரைகளும் வந்துவிடுகின்றன. தாளக்கட்டு, காணொளி, பார்வையாளர் எண்ணிக்கை ஆகியன பேசப்படுகின்றன. சொல் மட்டும் விடுபட்டுப் போகிறது. பெயரிலேயே சொல்லைத் தாங்கிய கலைக்கு இது தகுமா?

சொல்லிசைக்கு உயிர் அடியிறுதியில் வரும் ஒலியொப்புமை. யாப்பு நூலார் அதனை இயைபு என்பர். ஆயினும் நம் மரபுச் செய்யுள் எதுகைக்கும் மோனைக்குமே மிகுதியும் இடமளித்தது. நான் கருதும் காரணம் இது: தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பது. 'வருகிறேன், தருகிறேன், எழுகிறேன்' என அடுக்கினால் இயைபு உழைப்பின்றியே அமைந்துவிடும். விகுதி தந்த ஒலிக்குக் கலைஞரைப் பாராட்டுவதா? 'தோட்டம்' என்று முடித்த அடிக்கு 'வாட்டம்' என்று விடையிறுப்பவரோ சொல்லைத் தேடியிருக்கிறார்.

குறிலையும் நெடிலையும் கவனித்தல் வேண்டும். தாளத்திற்காக நீட்டப்படும் 'விடு', 'வீடு' ஆகிவிடும்.

2006இல் நம் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில் 'மடை திறந்து' இடம்பெற்றது. 1980இல் 'நிழல்கள்' திரைப்படத்திற்கு இளையராஜா அமைத்த பாடலை அடியொற்றியது அது. பழகிய மெட்டு கேட்போரை முன்கூட்டியே வசப்படுத்திவிடும். ஆகவே, இத்தகைய பாடலை மதிப்பிடுவோர் மெட்டை நீக்கிப் புதிய அடிகளை மட்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நன்று. மலாய், ஆங்கிலக் கலப்பை நான் குறையெனக் கொள்ளேன். பொருளற்ற நிரப்புச் சொல்லையே, அது தூய தமிழாயினும், குறையென்பேன்.