விரியன் விஷத்திலிருந்து பிரஷர் மாத்திரை வரை

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் காலையில் நாம் விழுங்கும் மாத்திரை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் என்று 'பிரில்' என முடியும் பெயர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அந்த மாத்திரையின் பூர்வீகம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பு! ஜராராக்கா என்பது அதன் பெயர்.

அதன் விஷத்துக்கு ரத்த அழுத்தத்தை இறக்கும் தன்மை உண்டு. அதை ஆராய்ந்த பிரேசில் விஞ்ஞானி ரோச்சா எ சில்வாவும் அவருடைய சகாக்களும், நம் ரத்தத்திலேயே பிராடிகைனின் என்ற பொருள் உருவாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்று 1949-ல் கண்டுபிடித்தார்கள். 1960-களில் செர்ஜியோ ஃபெரேரா என்பவர் அதே விஷத்தில் பிராடிகைனினின் வேலையை இன்னும் பலப்படுத்தும் பொருள்கள் இருப்பதைக் கண்டார். அவை பெப்டைடுகள்.

பெப்டைடு என்றால் என்ன? அமினோ அமிலங்களை மணிகளாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கோத்தால் வருகிற சிறு சரம்தான் பெப்டைடு. நீளமாகக் கோத்து மடித்தால் புரதம்.

நம் உடம்பில் ஏ.சி.இ. என்று ஒரு நொதி உண்டு. பத்து மணிச் சரம் ஒன்றின் கடைசி இரண்டு மணிகளை அது வெட்டிவிடும். மிஞ்சும் எட்டு மணிச் சரம் ரத்தக் குழாய்களை இறுக்கி பிரஷரை ஏற்றும். குழாயைத் தளர்த்தும் பிராடிகைனினையும் இதே நொதி அழித்துவிடும். ஆக, பிரஷர் ஏற இரண்டு வழியிலும் உதவி செய்கிறது.

பாம்பின் பெப்டைடு இந்த நொதியிடம் போய் உட்கார்ந்துகொள்கிறது. வங்கி பாஷையில் சொல்கிறேன். கவுன்ட்டருக்கு ஒருவர் மூட்டை நிறையச் சில்லறையோடு வருகிறார். அவரும் வாடிக்கையாளர்தான், திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் எண்ணி முடியாது, பின்னால் வரிசை நகராது. நொதியின் கதியும் அதுதான்.

அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தார், விஷத்தில் இருந்த ஒன்பது மணிப் பெப்டைடு ஒன்றைத் தயாரித்து நோயாளிகளுக்கு ஊசியில் கொடுத்தார்கள். பிரஷர் இறங்கியது. ஆனால் வாய் வழியாகக் கொடுத்தால் பயனில்லை. வயிற்றுக்குப் பெப்டைடும் ஒன்றுதான், சுண்டலும் ஒன்றுதான், ஜீரணித்துவிடும். இன்சுலினை ஊசியாகப் போட்டுக்கொள்வதும் இதனால்தான். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய பிரஷர் மருந்தை ஊசியாக எத்தனை பேர் போட்டுக்கொள்வார்கள்?

அங்கே வேலை பார்த்த டேவிட் குஷ்மன், மிகெல் ஒன்டெட்டி இருவரும் வேறு விதமாக யோசித்தார்கள். முழுச் சரமும் எதற்கு? நொதி பிடித்துக்கொள்ளும் பகுதி மட்டும் போதுமே! சரத்தின் கடைசி மணியான புரோலினை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். நொதியின் நடுவே ஒரு துத்தநாக அணு இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளக் கந்தகம் உள்ள ஒரு கொக்கியை மறுமுனையில் சேர்த்தார்கள். பெப்டைடு போலவே நடிக்கும், ஆனால் வயிறு ஜீரணிக்க முடியாத சின்ன மூலக்கூறு கிடைத்தது. அதுதான் கேப்டோபிரில். அமெரிக்காவில் 1981-ல் அனுமதி கிடைத்தது. பிறகு கந்தகம் இல்லாத எனலாபிரிலும் மற்ற 'பிரில்'களும் வந்தன.

சரி, இதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன பயன்? மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, வறட்டு இருமல். 'பிரில்' மாத்திரை சாப்பிடும் சிலருக்கு விடாமல் தொண்டை அரித்து இருமல் வரும். நொதியைத் தடுத்ததால் பிராடிகைனின் போன்றவை தேங்குவதே காரணம் என்று கருதப்படுகிறது. இருமல் மருந்தாக வாங்கிக் குடிக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள், பிரஷர் சத்தமில்லாமல் ஏறிவிடும். மாத்திரைப் பட்டையோடு டாக்டரிடம் போங்கள். 'சார்டான்' என்று முடியும் வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. அவை இந்த நொதியைத் தொடுவதில்லை, இருமலும் குறைவு. மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

ஆனால் உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, பொட்டாசியம். இந்த மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைத்த உப்பிலும் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.

மூன்றாவது, பக்கத்து வீட்டு மாத்திரை. "எனக்கு நன்றாகக் கேட்கிறது, நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள்" என்று லிஃப்டில் பேசிக்கொள்கிறோம். காபிப் பொடி கைமாற்றுக் கொடுக்கலாம், மாத்திரை கூடாது. முக்கியமாக, கர்ப்பிணிகளுக்கு 'பிரில்' மருந்துகள் ஆகவே ஆகாது, குழந்தையைப் பாதிக்கும். மகள், மருமகள் வரும் வீடுகளில் இதை நினைவில் வையுங்கள்.

ஒரு பாம்பின் விஷத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்காமல், அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதால் கிடைத்த மருந்து இது. நாமும் நம் மருந்துச் சீட்டைப் பார்த்து நாலு கேள்வி கேட்போம். பாஸ்புக்கை வரி வரியாகப் பார்க்கிறவர்கள்தானே நாம்! மாத்திரைப் பட்டையையும் அப்படிப் பார்ப்போம்.