வயலுக்கு வேலி; இயந்திரத்துக்கு?

(தம்பலகாமத்தில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மாடு புகாதபடி வயலுக்கு வேலியிட நாம் மறப்பதில்லை. ஆனால் அவ்வயலில் விளைந்த நெல்லைக் குற்றும் ஆலையில், சுழலும் சக்கரத்துக்கும் ஓடும் வாருக்கும் வேலி இருக்கிறதா என்று என்றேனும் கேட்டதுண்டா? வேலி என்பது இங்கே அலங்காரச் சொல் அன்று, சட்டத்தின் சொல். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான இயந்திர உறுப்புக்களுக்கு வேலியிடும் கடமையை ஆலை நடத்துபவர்மேல் சுமத்தியிருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்துக்குள்ளானவன் நட்டஈடு கோருவதற்கு, முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கையில் திணிக்கப்படும் சிறு தொகையோடு அவன் உரிமை தீர்ந்துவிடுவதும் இல்லை.

"பொலன்னறுவையின் பேராலைகளோடு போட்டியிடும் சிற்றாலைக்காரன், இதற்கெல்லாம் செலவு செய்தால் பிழைப்பானா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடையும் நியாயமாகவே இருக்கட்டும்.

பெரும்போக அறுவடை முடிந்து ஈர நெல் குவிந்து கிடக்கும் வேளையில், இயந்திரம் ஓட்டத் தெரிந்தவனின் கை வாரில் அகப்பட்டால் என்ன ஆகும்? ஆலை நிற்கும். பழகிய கைக்கு மாற்றுக் கை ஒரே நாளில் கிடைக்காது. ஈர நெல்லோ காத்திராது. வந்த விலைக்கு வெளியூர் லொறியில் ஏறும். நட்டம் தொழிலாளிக்கு மட்டுமா? ஆலைக்காரருக்கும் நட்டம்; உழவர்களாகிய நமக்கும் நட்டம்! மலிவு என்று எண்ணியதன் விலை இதுதான்.

தூசியின் கதையும் இதுவே. அது தொழிலாளியின் நெஞ்சை அடைக்கிறது, இயந்திரத்தின் உருளைகளைத் தேய்க்கிறது, அரிசியிலும் படிகிறது. காற்றில் திரண்ட தானியத் தூசிக்கு ஒரு தீப்பொறி போதும். 1878 மே 2ஆம் நாள், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவாலை அவ்வாறு வெடித்து, 18 உயிர்கள் மாண்டன. அதே உரிமையாளர் தூசி அகற்றும் கருவிகளுடன் புதிய ஆலையை எழுப்பினார். 1880இல் அது திறக்கப்பட்டது. அதன்பின் அந்த நகரம் ஐம்பது ஆண்டுகள் உலகின் மாவுத் தலைநகராக விளங்கிற்று. பாதுகாப்பு அவர்களின் வாணிபத்தைக் கெடுக்கவில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வயலுக்கு நீர் தரும் கந்தளாய்க் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20ஆம் நாள் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை வெள்ளம் கொண்டு சென்றது. அணையைப் பேணும் செலவை வீண் செலவு என்று சொல்ல இந்த ஊரில் ஒருவரும் துணியார். ஆலையிலே வேலியிடும் செலவும் அத்தகையதே.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. நெல் கொண்டு செல்லும் உழவர், ஆலையின் விலையைப் பார்ப்பதோடு வேலியையும் பார்க்க வேண்டும். கற்றவர்கள், தொழிற்சாலைப் பரிசோதகர் சிற்றாலைகளுக்கும் வரவேண்டுமென்று தொழில் திணைக்களத்துக்கு எழுத வேண்டும். ஆலைக்காரர்கள் தூசி அகற்றும் கருவி வாங்குவதற்குக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே இலகு கடன் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையில் நாமும் அவர்களோடு நிற்போம்.

சட்டம் ஏட்டில் தூங்கலாம். உரிமையுள்ள மக்கள் தூங்கலாகாது. அடுத்த அறுவடைக்கு முன் இந்த வேலை தொடங்கட்டும்!