மேடையிலே இல்லை, பந்தியிலே!

(தலைப்பு: கல்லூரிகளில் சமத்துவம் வளர்வது விழா மேடையிலா? விடுதிப் பந்தியிலா? ‘விடுதிப் பந்தியிலே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

எனக்கு முன்னாலே முழங்கிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! குடும்பத்தோடு வந்திருக்கிற பல்லாவரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

நடுவர் அவர்களே, சமத்துவம் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கே வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பாருங்க. பழைய மிக்சி இருக்கும், பக்கத்திலேயே புறா இருக்கும், அதுக்குப் பக்கத்திலே ரோஜாச் செடி இருக்கும். சைக்கிள்ல வந்தவரும் பேரம் பேசுவார், கார்ல வந்தவரும் பேரம் பேசுவார். கார்ல வந்தவர்தான் கொஞ்சம் அதிகமாப் பேசுவார்! (சிரிப்பு)

7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே குடைந்த குடைவரைக் கோயில், இன்றைக்கு இஸ்லாமியப் பெருமக்கள் வழிபடுகிற தர்காவாக இருக்கிறது. ஒட்டி வாழ்வது இந்த மண்ணுக்குப் பழக்கமான சங்கதி ஐயா.

எதிரணிச் சகோதரி ஒரு பட்டியல் வாசித்தாங்க. பிப்ரவரி 20, உலக சமூக நீதி நாள். ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். 2022 முதல் தமிழ்நாட்டில் சமத்துவ நாள். செப்டம்பர் 17, தந்தை பெரியார் பிறந்த நாள். 2021 முதல் சமூக நீதி நாள். “உறுதிமொழி எடுக்கிறோம், கருத்தரங்கம் நடத்துகிறோம், இதைவிட என்ன வேண்டும்?” என்று கேட்டாங்க.

நான் மறுக்கவில்லை. குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற ஒரு பிள்ளை, ‘உனக்கும் உரிமை இருக்கு’ என்ற வார்த்தையைக் காதாலே கேட்கிற இடம் பெரும்பாலும் அந்த மேடைதான். தவிர, மேடையே வேண்டாம் என்று நான் சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது? (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் என் கேள்வி வேறு. காதுக்கு வந்த சமத்துவம் கைக்கு எப்போது வரும்?

இங்கே ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் தாம்பரம். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி அங்கே குடிவந்தது. அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை ஆர்மீனியன் தெருவில் தொடங்கிய பள்ளிக்கூடத்தில். மறு ஆண்டே அங்கே ஒரு பெரிய சோதனை. தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்தார்கள். மற்றவர்கள் கொதித்தார்கள். “அவர்களை வெளியே அனுப்பு. இல்லையென்றால் தனி பெஞ்சு போடு” என்றார்கள். ஆண்டர்சன் முடியாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பலர் பள்ளியைவிட்டே போனார்கள். மனுஷன் அசையவில்லை.

பாருங்கள் நடுவர் அவர்களே, அங்கே சண்டை பாடத்தைப் பற்றி இல்லை, சொற்பொழிவைப் பற்றி இல்லை, பெஞ்சைப் பற்றி! சமத்துவத்தின் முதல் பரீட்சை, யார் பக்கத்திலே யார் உட்காருவது என்பதுதான். (கைதட்டல்)

இது பெஞ்சின் கதை. இன்னொன்று இலையின் கதை. திருநெல்வேலிச் சீமையிலே சேரன்மாதேவி. 1922-இல் வ.வே.சு. ஐயர் அங்கே குருகுலம் தொடங்கினார். சாதாரண ஆளா அவர்? நாட்டு விடுதலைக்காகத் தன்னையே கொடுத்தவர். சிறுகதை இலக்கியத்தின் முன்னோடி. தேசியக் கல்வி தரவேண்டும் என்ற உயர்ந்த நோக்கம். காங்கிரசு பணம் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்திலே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பந்தி! பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், ஐயர் இசைந்தார். விஷயம் வெளியே வந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு எழுந்தார், பெரியார் எழுந்தார். 1924, 1925-இல் தமிழ்நாடே இரண்டுபட்டது.

அந்தக் குருகுலத்தில் எத்தனை நல்ல பாடம் நடந்திருக்கும்! எத்தனை நல்ல உரை நிகழ்ந்திருக்கும்! அதெல்லாம் இன்றைக்கு யாருக்கு நினைவிருக்கிறது? நூறு வருஷமாக நினைவிருப்பது அந்தத் தனி இலை ஒன்றுதான் ஐயா! (பலத்த கைதட்டல்)

ஊரார் கதை சொன்னேன். இனி என் கதை. வெட்கத்தோடுதான் சொல்றேன்.

சில வருஷங்களுக்கு முன்னாலே ஒரு கல்லூரியிலே சமத்துவ விழா. பொறுப்பாளர் நான்தான். பந்தல் என்ன, வாழைமரம் என்ன, மைக்செட் என்ன! நடக்க முடியாத ஒரு மாணவி, சக்கர நாற்காலியில் வருகிற பெண், கவிதைப் போட்டியில் முதல் பரிசு. அவளை மேடைக்கு அழைத்தேன். மேடைக்கு ஏழு படி. நாலு பையன்கள் ஓடிவந்து நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே பொன்னாடை போர்த்தினேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்: “ஐயா, இன்னைக்குத் தூக்கிட்டாங்க. லைப்ரரி மாடியிலே இருக்கே, நாளைக்கு யாருய்யா தூக்குவாங்க?”

(அரங்கில் அமைதி)

எனக்குப் பதில் வரவில்லை நடுவர் அவர்களே. இரண்டு வருஷமாக அவள் தோழிகள் எடுத்துவந்து கொடுத்த புத்தகத்தைத்தான் படித்திருக்கிறாள். அலமாரி முன்னாலே நின்று தனக்குப் பிடித்ததைத் தானே எடுக்கிற சுகம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. தமிழ்ப் பேராசிரியன், டாக்டர் பட்டம் வாங்கியவன், எனக்கு அது கண்ணிலே படவில்லை. சமத்துவம் பற்றி நாற்பது நிமிஷம் பேசியிருந்தேன்!

அடுத்த வருஷம் பந்தலைச் சுருக்கினோம். நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு படிப்பறை, வாசலில் ஒரு சாய்தளம். திறப்பு விழா வைக்கவில்லை. காலில் கட்டுப்போட்ட மாணவன் அதில் ஏறினான். கூட்டிப் பெருக்குகிற அம்மா தள்ளுவண்டியை அதிலேதான் உருட்டினாங்க. எல்லாருக்கும் பயன்பட்டது. ஆனால் அந்தப் பெண் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவளுக்கு நான் கொடுத்தது பொன்னாடை மட்டும்தான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் அவர்களுக்கு 5 சதவிகிதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. நல்லது. சட்டம் வாசல்வரை கொண்டுவந்து விடும். வாசலுக்கு உள்ளே படி கட்டுவதா, சாய்தளம் கட்டுவதா? அது நம்ம வேலை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்க பிள்ளை விடுதியிலிருந்து வந்ததும், “விழாவிலே யார் பேசினாங்க?” என்று கேட்காதீங்க. “யார் பக்கத்திலே உட்கார்ந்து சாப்பிடுறே? யாரோட ரூமைப் பகிர்ந்துக்கிறே?” என்று கேளுங்க. சொன்ன பேரைக் கேட்டுட்டு, “அவங்க என்ன ஆளுங்க?” என்று மட்டும் கேட்டுடாதீங்க! (சிரிப்பு, கைதட்டல்) பையன் கல்லூரியிலே கற்றதை நாம் அந்த ஒரு கேள்வியிலே அழித்துவிடுவோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மேடைச் சமத்துவம் பசிக்கு உதவாது. விழா வருஷத்துக்கு மூணு நாள். பந்தி ஒரு நாளைக்கே மூணு வேளை. ஆகவே கல்லூரிகளில் சமத்துவம் வளர்வது விடுதிப் பந்தியிலேதான், விடுதிப் பந்தியிலேதான் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)