கப்பல் கட்டணம் காப்புறுதி ஆகுமா?

சென்னையிலிருந்து போர்ட் கிள்ளானுக்குச் சேலை தருவிக்கும் சிறு வணிகர் முதலில் கேட்பது, "ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு?" என்பதுதான். கொள்கலனை நிரப்பச் சரக்குப் போதாதவர்கள் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரு கன மீட்டரை ஒரு டன்னுக்குச் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம். விமானத்தில் ஒரு கன மீட்டர் பஞ்சுகூட ஏறத்தாழ 167 கிலோவாகிவிடும்! துறைமுகக் கட்டணமும் ஆவணக் கட்டணமும் தனி.

காப்புறுதியைப் பற்றி மட்டும் பலர் கேட்பதில்லை. கட்டணம் கட்டியாயிற்றே, பொருளுக்குக் கப்பல் நிறுவனம்தானே பொறுப்பு என்ற நினைப்பு. அந்தப் பொறுப்புக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு, நேயர்களே.

2021 மார்ச் 23ஆம் தேதி, ஏறக்குறைய 18,300 கொள்கலன்களோடு 'எவர் கிவன்' சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது. ஆறு நாளில் மிதந்தது. எகிப்து அதை விடுவித்ததோ ஜூலை 7ஆம் தேதி. மீட்புச் செலவைச் சரக்குக்காரர்களும் பகிர வேண்டும் என்ற பழைய கடல் மரபைக் கப்பல் உரிமையாளர் கையில் எடுத்தார். பொருளில் கீறல்கூட இல்லை. ஆனாலும் ஈடு காட்டினால்தான் பெட்டி கைக்கு வரும். காப்புறுதி எடுத்தவருக்கு அந்த நிறுவனமே உத்தரவாதக் கடிதம் கொடுக்கும். எடுக்காதவர் ரொக்கம் கட்ட வேண்டும்.

காப்புறுதியிலும் ஏ, பி, சி என்று பிரிவுகள் உண்டு. மலிவான 'சி'யில், சேலைக்கட்டில் கடல்நீர் புகுந்தால் பணம் கிடைக்காது. 'ஏ' பிரிவு அதற்குக் கொடுக்கும். ஆனால் தாமதத்தால் தீபாவளி கழிந்து சரக்கு வந்தால், அந்த நட்டத்திற்கு 'ஏ'யிலும் கிடையாது.