இளைஞர்களும் உணவறிவும்

(திருவிழாவையொட்டி இளைஞர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழா நாள்களில் பந்தி பரிமாறுவோர் பெரும்பாலும் பெர்மாஸ் ஜெயா வட்டாரத்து இளைஞர்களே. இலையில் எதனை எங்கே வைப்பது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த இளைஞர்களின் அன்றாட உணவு எவ்வாறு உள்ளது? விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றுடன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் செல்வோர் பலர். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் மூன்று வேளை மாற்றுப் பணி புரிவோர் பலர். பத்து மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும். நண்பகலில் அவசரச் சோறு. மாலையில் ஒரு டின் பானம். வீடு திரும்பும் இரவில் மீ கோரேங். சோம்பலால் வந்த பழக்கம் அன்று இது. நேரமின்மையால் வந்தது.

இவர்களுடைய பாட்டன்மார் தோட்டங்களில் சோற்றைக் குவித்துத்தான் உண்டனர். ஆனால் இருள் பிரியுமுன் புறப்பட்டு நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களைச் சீவி, பால் சுமந்து நடந்தனர். தோட்டம் போயிற்று, நடை போயிற்று. சோற்றின் அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. போதாக்குறைக்கு டின்பால் தேநீரும் வந்து சேர்ந்தது.

விளைவு என்ன? 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டின் ஆய்வு கூறுவது இன்னும் கவலைக்குரியது. 18 முதல் 29 வயது வரையிலான நீரிழிவாளருள் 84 விழுக்காட்டினர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். ‘இனிப்பு நீர்’ தாத்தா பாட்டிக்கு வருவது என்னும் எண்ணம் இல்லங்களில் வேரூன்றியிருப்பதே இதற்குப் பெரிய காரணமாகும். மெலிந்த உடல்வாகும் காப்பாகாது. கை கால்கள் ஒல்லியாயிருக்க, வயிற்றில் கொழுப்புச் சேர்வது தெற்காசியரிடம் மிகுதி. ஆகவே எடையை மட்டும் பார்த்தல் போதாது. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே எச்சரிக்கை வேண்டும்.

சர்க்கரைப் பொங்கலைக் குறை கூறுவோரும் உளர். ஆண்டில் சில நாள் உண்ணும் பிரசாதத்தைவிட, நாள்தோறும் குடிக்கும் பானமே ஆராயத்தக்கது. சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், இயலுமாயின் 25 கிராமுக்குள் இருத்தல் நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. இனி ஒரு கணக்கு. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி என்று டின்னில் அச்சிடப்பட்டிருந்தால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம். ஏறத்தாழ ஏழு தேக்கரண்டி. சிங்கப்பூரில் பணிபுரிவோர் 2022ஆம் ஆண்டின் இறுதி முதல் அங்குள்ள பானங்களில் ‘சி’, ‘டி’ என்னும் எழுத்துகளைக் கண்டிருப்பர். அந்த ‘டி’ 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேற்பட்ட சீனியைக் குறிப்பது.

மலேசியாவில் ‘கூலா’ என்னும் வரியைத் தேடிப் படிக்க வேண்டும். இங்கு 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு வரி விதிக்கப்படுகிறது. வரிக்குத் தப்ப 4.9 கிராமாகக் குறைக்கப்பட்ட பானத்தையும் 500 மில்லிலிட்டர் போத்தலில் முழுவதும் பருகினால் 24.5 கிராம் உள்ளே போய்விடும். பட்டயமும் பட்டமும் பெற்ற இளைஞர்கள் கைப்பேசியின் விலைப்பட்டியலை வரிவரியாக ஒப்பிடுகின்றனர். போத்தலின் பின்புறத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பதில்லை.

தட்டுக்கு நாட்டின் சுகாதார அமைச்சு கூறும் அளவு எளியது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். கடையில் உண்போரும் சோற்றைக் குறைத்து, ஒரு கீரை கூட்டிக் கேட்கலாம். தேநீருக்கு ‘குராங் மானிஸ்’ என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. ‘தே ஓ கோசோங்’ பழகச் சில வாரம் பிடிக்கும்.

இன்னொன்று, இரத்தப் பரிசோதனை. குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கான ‘பெக்கா பி40’ இலவசப் பரிசோதனை 40 வயதிலிருந்தே தொடங்குகிறது. 25 வயது இளைஞர் அதற்காகக் காத்திருத்தல் தகாது. பெற்றோருக்கு நீரிழிவு இருப்பின் சிறிதும் தகாது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பொது வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். முதல்நாள் இரவு முதல் எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும். காவடிக்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் காப்போருக்கு அந்த எட்டு மணி நேரம் பெரிதன்று.