துப்பாக்கியைத் தேடாதீர்கள், கணக்கு நோட்டைத் தேடுங்கள்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



க்ரைம் நாவல் எழுதுகிறவன் என்பதால் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், இத்தாலி மாஃபியாவை வச்சு ஒரு நாவல் எழுதணும். அந்த ஊருக்குப் போகாமலே எழுத முடியுமா?"

முடியும். 1969-இல் 'தி காட்ஃபாதர்' நாவலை வெளியிட்ட மரியோ பூசோ, அசல் தாதா ஒருவரைக்கூடச் சந்திக்காமல், படித்துத் தெரிந்துகொண்டே அதை எழுதியதாகத் தாமே சொல்லியிருக்கிறார். ஆகவே விமான டிக்கெட் கட்டாயமில்லை. படிப்பு கட்டாயம்.

எதைப் படிப்பது? நம்ம ஆளுங்க முதல்ல துப்பாக்கி என்ன மாடல்னு தேடுவாங்க. நான் சொல்வேன், முதலில் கணக்கு நோட்டைத் தேடுங்கள். சிசிலித் தீவில் கடைக்காரர்கள் மாஃபியாவுக்குக் கட்டும் மாமூலுக்கு 'பிட்சோ' என்று பெயர். பறவையின் அலகு என்று பொருள் சொல்வார்கள். அலகை நனைத்துக்கொள்ள ஒரு சொட்டு! கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! கொடுக்காவிட்டால் கடை எரியும். இது புரிந்தால் பாதிக் கதை கிடைத்த மாதிரி.

மறுபாதி, ஊரின் மௌனம். பள்ளி ஆசிரியராக இருந்த சிசிலி எழுத்தாளர் லியோனார்தோ ஷாஷா 1961-இல் 'ஆந்தையின் நாள்' என்ற நாவலை வெளியிட்டார். விடியற்காலையில் பஸ் ஏற ஓடிவரும் காண்ட்ராக்டரைச் சுட்டுவிடுகிறார்கள். பயணிகள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். பக்கத்திலேயே நின்ற பலகார வியாபாரிக்கு வெடிச்சத்தமே கேட்கவில்லையாம்! விசாரிக்கிற கேப்டன் இத்தாலியின் வடக்கே பார்மா ஊர்க்காரர். ஊர் புதிது என்பதால் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்; வாசகனும் கூடவே தெரிந்துகொள்கிறான். அயல்நாட்டுக் கதை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய பாடம். உள்ளூர்க்காரன் மாதிரி நடிக்காதீங்க. வெளியூர்க்காரன் ஒருத்தனோட கண்ணாலே பாருங்க.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமானது. யாரைக் கதாநாயகன் ஆக்குவது? கோட்டு, சூட்டு, சுருட்டு என்று தாதாவை ஆக்குவது சுலபம். ஆனால் பலெர்மோவில் லிபெரோ கிராஸி என்று ஒருவர் இருந்தார். பைஜாமா, உள்ளாடை தைக்கும் கம்பெனி நடத்தியவர். மாமூல் தரமாட்டேன் என்று 1991 ஜனவரியில் பத்திரிகையில் பகிரங்கக் கடிதமே எழுதினார். சக தொழிலதிபர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 29-ஆம் தேதி காலை அவரைத் தெருவிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

நீதிபதிகள் ஃபால்கோனேயும் பொர்செல்லீனோவும் தயாரித்த வழக்கில் 1987-இல் 300-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். 1992-இல் 57 நாள் இடைவெளியில் இருவரையும் குண்டுவைத்துக் கொன்றார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. 2004-இல் பலெர்மோ இளைஞர்கள் சிலர், மாமூலைக் கண்டித்து ராத்திரியோடு ராத்திரியாக நகரெங்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதிலிருந்து ஓர் இயக்கமே பிறந்தது. 'மாமூல் கட்டமாட்டோம்' என்று கடைவாசலிலேயே அறிவிக்கும் வியாபாரிகள் வந்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டினது யாரு? உங்க வயசுப் பசங்கதான்!

நம் வாசகர் பலர் சிசிலியைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாமூலும் மௌனமும் அவர்களுக்குத் தெரியாத சங்கதியா? ஆகவே தைரியமாக எழுதுங்கள். சுட்டவன் பக்கம் நிற்காமல், 'தரமாட்டேன்' என்று சொன்னவர் பக்கம் நின்று எழுதுங்கள்.