பங்கீட்டில் விடுபட்டவர்கள்



தொடக்கத் திருச்சபையில், அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டதாக முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. நேர்மையாகப் பங்கிட ஏழு பேரை ஏற்படுத்தினார்கள்.

எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்க 2002இல் தோன்றிய உலக நிதியம், நோயின் சுமையையும் நாட்டின் வருமானத்தையும் பார்த்து உதவியைப் பங்கிடுகிறது. ஏழை நாடுகளுக்கு முதலிடம் தருவது நீதியே. ஆனால், நாட்டின் சராசரி வருமானம் ஏழையின் வீட்டைக் காட்டாது. ருமேனியாவுக்கு எச்.ஐ.வி. உதவி 2010இல் நின்றது. ஊசி வழியாகப் போதைமருந்து ஏற்றுவோருக்குத் தூய ஊசி வழங்கிய பணிகள் சுருங்கின. அவர்களிடையே தொற்று வேகமாகப் பெருகியது.

நாடுகளை எண்ணிப் பங்கிடுவோர், அந்நாடுகளின் கடையரையும் எண்ணட்டும். நம் பங்கில் விடுபட்டவர் யார்? இன்று அவரைத் தேடிச் செல்வோம். ஆமென்.